மேக்பெத்தோட நல்ல மனசு அவன் பேராசைக்குத் தடையா? இந்தக் கேள்விக்கு பதில் எழுதறது எப்படி

இங்கிலீஷ் லிட்ரேச்சர் எடுத்து படிக்கற நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி பசங்களுக்கு ஷேக்ஸ்பியர் பேப்பர்ல திரும்பத் திரும்ப வந்து நிக்கற கேள்வி இது, மேக்பெத்துக்கு இருக்கற இரக்க குணம் அவன் பேராசைக்கு குறுக்க நிக்குதா இல்லையா. வார்த்தைய மாத்தி மாத்தி கேப்பாங்க, விஷயம் ஒண்ணுதான். கதை தெரியாதவங்களுக்கு ஒரு வரி, மேக்பெத் ஸ்காட்லாந்து படைத்தளபதி, தன் ராஜா டங்கன கொன்னுட்டு அரியணை ஏறறான். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடைல கெடைக்கற நோட்ஸ்ல இதுக்கு ரெடிமேடா ஒரு பதில் இருக்கும், "மேக்பெத் அடிப்படையில நல்லவன், பொண்டாட்டி தூண்டிவிட்டு கெட்டுப்போனான்"னு. அத அப்படியே எழுதினா பாஸ் ஆயிடலாம், அதுக்கு மேல எதிர்பாக்காதீங்க, ஏன்னா திருத்தறவங்க அன்னைக்கு எடுத்த கட்டுல பாதி பேப்பர்ல அதே வரிதான் இருக்கும். நான் ட்யூஷன் பசங்களுக்கு சொல்லித்தர்ற வழிய இங்க போடறேன், புஸ்தகத்த பக்கத்துல வச்சுக்கிட்டு படிங்க.

மொத வேலை, இந்த இரக்கம் பத்தின பேச்சு யார் வாயில இருந்து வந்துச்சுன்னு பாக்கறது. எல்லாரும் தூக்கிட்டு வர்ற அந்த "மில்க் ஆஃப் ஹ்யூமன் கைண்ட்னெஸ்" வரிய சொல்றது லேடி மேக்பெத். மொத ஆக்ட், அஞ்சாவது சீன். புருஷன் போர்க்களத்துல இருந்து எழுதின லெட்டர் கைல இருக்கு, புருஷன் இன்னும் வீடு வந்து சேரல. சூனியக்காரிங்க நீ ராஜா ஆவேன்னு சொன்னத எழுதி இருக்கான். அத படிச்சுட்டு அவ தனக்குத்தானே பேசறா, உனக்கு பெரிய ஆளா வரணும்னு ஆசை இருக்கு, ஆனா அதுக்கு வேண்டிய கெட்ட புத்தி கெடையாது, குறுக்கு வழில போக முடியாத அளவுக்கு இரக்கம் ரொம்பி கெடக்குது, தப்பான வழில வந்தா வேணாம்னும் சொல்லமாட்ட, நீயா தப்பு பண்ணவும் மாட்டன்னு. நம்ம ஊர்ப்பக்கம் கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசைன்னு சொல்லுவாங்களே, அதே குத்தம்தான். ஏழாவது சீன்ல இத இன்னும் நேரா மூஞ்சிக்கு நேரா சொல்லுவா, மீனு வேணும் ஆனா கால் நனையக்கூடாதுன்னு நிக்கற பூனை மாதிரி இருக்கியேன்னு.

ஆக இது ஒரு பொண்டாட்டி புருஷன பத்தி சொல்ற சாட்சி, அதுவும் அவன இப்ப தள்ளிவிடணும்னு முடிவு பண்ணிட்ட நேரத்துல சொல்றது. சாட்சி சொன்னா அதையே தீர்ப்பா எழுதிடக்கூடாது, குறுக்கு விசாரணை இருக்குல்ல. அதுக்கு மூணு சீன் பின்னாடி போங்க. மொத ஆக்ட் ரெண்டாவது சீன்ல காயம்பட்ட ஒரு கேப்டன் வந்து டங்கன் ராஜாகிட்ட யுத்தத்துல நடந்தத சொல்றான், அதுல மேக்பெத் மேக்டொன்வால்டுங்கற கலகக்காரன தொப்புள்ல இருந்து தாடை வரைக்கும் பொளந்துட்டு, தலைய வெட்டி கோட்டை மதில் மேல வச்சான்னு வருது. நாடகத்துல மேக்பெத்த நாம மேடைல பாக்கறதுக்கு முன்னாடியே நமக்கு கெடைக்கற அறிமுகம் இதுதான். இதக் கேட்டுட்டு அந்த சாதுவான டங்கன் என்ன சொல்றார் தெரியுமா, எவ்ளோ வீரன், எவ்ளோ தகுதியான மனுஷன்னு பாராட்டறார். ரத்தத்த பாத்து கை நடுங்கற ஆள் இல்ல இவன், அத எழுதுங்க, பக்கத்துலயே லேடி மேக்பெத் வரியையும் எழுதுங்க. ரெண்டும் ஒரே மனுஷன பத்திதான், அப்ப எது பொய்னு ஒரு கேள்விய போட்டுட்டு அடுத்த பாராவுக்கு போங்க.

ரெண்டுமே பொய் இல்லைங்க. இத புரிஞ்சுக்க ஸ்காட்லாந்து வரைக்கும் போக வேணாம், சேலம் ரோட்டுல அதியமான்கோட்டை தாண்டி பஸ்ல போறவங்க நம்ம. தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சிய பத்தி அவ்வையார் பாடினது புறநானூறுல 94ஆவது பாட்டு, அஞ்சே வரி. ஊர் சின்னப்பசங்க தந்தத்த கழுவிவிட, தண்ணித்துறைல சும்மா படுத்துகிட்டு இருக்கற பெரிய களிறு மாதிரி எங்களுக்கு நீ இனியவன், அதே யானைக்கு மதம் புடிச்சா எப்படியோ அப்படி உன் எதிரிங்களுக்கு நீ பொல்லாதவன், அவ்ளோதான் பாட்டு. இதுல இரக்கமும் கொடூரமும் ஒண்ண ஒண்ணு தடுக்கல, ரெண்டும் ஆள் பாத்து வேலை செய்யுது. அதியமான் யாருக்கு இனியவன், யாருக்கு இன்னாதவன்னு ஒரு கோடு இருக்கு, அந்த கோட்ட அவன் தாண்டல. மேக்பெத்தும் மொத ஆக்ட்ல அப்படித்தான் இருக்கான், வெளியாளுக்கு வெட்டு, வீட்டாளுக்கு பாசம். அவன் ராஜா ஆகணும்னா வெட்ட வேண்டியது வீட்டாள, டங்கன் அவனுக்கு சொந்தக்காரர், ராஜா, அன்னைக்கு ராத்திரி அவன் வீட்டுக்கு வந்த விருந்தாளி. கோடு அங்க உடையுது. என்னை கேட்டா இந்த கேள்விக்கு இத விட நல்ல நுழைவாயில் கெடையாது, ஆனா பேப்பர்ல ரெண்டு வரிக்கு மேல இழுக்காதீங்க, புறநானூறு பேப்பர் அது வேற.

இப்ப முக்கியமான வேலை, ஏழாவது சீனோட ஆரம்பத்துல வர்ற தனிமொழி. 28 வரி. பதில்ல பாதி மார்க் இங்கதான் இருக்கு, அதனால இத மட்டும் நிதானமா பண்ணுங்க. பென்சில எடுத்து, டங்கன கொல்லக்கூடாதுன்னு அவன் சொல்ற ஒவ்வொரு காரணத்துக்கும் ஓரத்துல ஒரு வார்த்தை எழுதுங்க, பயமா, கடமையா, இரக்கமான்னு. எழுதி பாத்தா ஒரு வரிசை தெரியும். மொதல்ல வர்றது பயம், மேல்லோகத்து தண்டனைய கூட ரிஸ்க் எடுத்துக்கலாம், ஆனா இங்கயே திருப்பி அடிக்குமே, நாம கத்துக்குடுத்த ரத்த பாடம் நமக்கே திரும்புமே, நாம கலந்த விஷக்கோப்பை நம்ம ஒதட்டுக்கே வருமேன்னு. அடுத்தது கடமை, நான் சொந்தக்காரன், பிரஜை, வீட்டுக்காரன், கொலைகாரன் வந்தா கதவ சாத்த வேண்டியவன் நானே கத்திய எடுக்கலாமா. கடைசியாத்தான் டங்கனோட சாந்தமும், அவர் குணங்க தேவதை மாதிரி எக்காளம் ஊதும்ங்கறதும், இரக்கம் பொறந்த கொழந்தை மாதிரி அம்மணமா புயல்காத்து மேல ஏறி வரும்ங்கறதும் வருது. அந்த இரக்கம் கூட அவன் நெஞ்சுக்குள்ள இருக்கற இரக்கமான்னு கவனிச்சு படிங்க, ஊர்சனம் அத்தனை பேர் கண்ணுலயும் தண்ணி வர வைக்கும்னுதான் சொல்றான், ஊரே அழும், ஊரே தன்னை வெறுக்கும்ங்கற கவலையும் அதுல கலந்துதான் இருக்கு. பயத்தையும் இரக்கத்தையும் கத்தரிச்சு எடுக்க முடியாத மாதிரி எழுதி வச்சிருக்கார் மனுஷன்.

அதுக்கு அடுத்து பொண்டாட்டி உள்ள வர்றா, இத பெரும்பாலும் யாரும் எழுதறதில்ல. அவகிட்ட இவன் சொல்றது என்ன? இனிமே இந்த விஷயத்த தொடர வேணாம், ராஜா இப்பத்தான் எனக்கு மரியாதை பண்ணினார், எல்லார்கிட்டயும் தங்கமான பேர் வாங்கி வச்சிருக்கேன், அத புதுசா இருக்கும்போதே போட்டு அனுபவிக்கணும், அதுக்குள்ள தூக்கி எறியலாமான்னு. ஒரு நிமிஷம் முன்னாடி தனியா இருக்கும்போது பேசின இரக்கம், விருந்தாளி, சொந்தம், பாவம் எதுவும் வாயில வரல. பொண்டாட்டி முன்னாடி இரக்கத்த காரணமா சொல்ல வெக்கப்படறான்னு ஒருத்தர் எழுதலாம், கடைசியில அவனுக்கு பெருசு பேருதான்னு இன்னொருத்தர் எழுதலாம், ரெண்டுக்கும் மார்க் உண்டு, வரிய காட்டணும் அவ்ளோதான்.

அப்பறம் அவன் மனசு எதுல மாறுதுன்னு பாருங்க. அவ கோழைன்னு திட்டறா, பால் குடிக்கற கொழந்தைய கூட பிடுங்கி தலைய மோதி உடைச்சிருப்பேன், உன்ன மாதிரி சத்தியம் பண்ணியிருந்தான்னு சொல்றா. அதுக்கு இவன் பதில் "ஐயோ அது பாவம்" இல்ல. "நாம தோத்துட்டா?" அப்படின்னு கேக்கறான். அவ உடனே பிளான சொல்றா, காவலுக்கு இருக்கற ரெண்டு பேருக்கும் ஊத்தி குடுத்துடலாம், பழிய அவனுங்க மேல போட்டுடலாம்னு. சந்தேகம் தீந்துச்சு, கெளம்பிட்டான். ஆக அவன புடிச்சு நிறுத்தி வச்சிருந்த கயித்துல கடைசி முடிச்சு இரக்கம் இல்ல, மாட்டிக்குவோமோங்கற பயம், அந்த முடிச்ச அவ ரெண்டு நிமிஷத்துல அவுத்துட்டா.

இதுவரைக்கும் வந்தவங்க இப்ப ஒரு சின்ன விஷயத்த சேத்தா பேப்பர் தனியா தெரியும். இந்த நாடகத்துல இரக்கம் ஒரு கொலைய நெசமாவே தடுத்த எடம் ஒண்ணே ஒண்ணுதான் எனக்கு தெரிஞ்சு, அது மேக்பெத்தோடது இல்ல. ரெண்டாவது ஆக்ட் ரெண்டாவது சீன், ராத்திரி, அவன் உள்ள போயிருக்கான், லேடி மேக்பெத் வெளிய ஒவ்வொரு சத்தத்துக்கும் காத குடுத்துகிட்டு நிக்கறா, ஆந்தை கத்துது. அப்ப சொல்றா, தூங்கும்போது அவர் எங்கப்பா மாதிரி தெரிஞ்சார், இல்லன்னா நானே முடிச்சிருப்பேன்னு. என் தாய்ப்பால எடுத்துட்டு பித்தத்த ஊத்துங்கடான்னு பேய்ங்கள கூப்ட்டவ அவதான், புருஷனுக்கு பால் ஜாஸ்தின்னு குத்தம் சொன்னவளும் அவதான், கடைசியில கத்திய வச்சுட்டு அப்பா ஞாபகத்துல திரும்பி வந்ததும் அவதான். நல்ல மனசு ஆசைக்கு தடையான்னு கேட்டா, ஆமா, அவளுக்கு ஒரே ஒரு தடவை ஆச்சு. இரக்கம் ரொம்பி கெடக்குதுன்னு பேர் வாங்கினவன் போய் குத்திட்டு வந்தான்.

அப்ப மேக்பெத்துக்கு இரக்கமே இல்லைன்னு எழுதிடலாமான்னு பசங்க கேப்பாங்க. எழுதாதீங்க. இருக்கு, ஆனா அது வேலைய தடுக்கல, வேலை முடிஞ்சப்பறம் நிம்மதிய தடுக்குது. கொலை பண்ணிட்டு வெளிய வர்றான், கைல கத்தி ரெண்டும் அப்படியே இருக்கு, அங்கயே வச்சுட்டு வரணும்ங்கறது கூட மறந்துபோச்சு. பக்கத்து ரூம்ல யாரோ ஆண்டவனே காப்பாத்துன்னு சொன்னாங்க, எனக்கு ஆமென் சொல்ல வரல, தொண்டைல சிக்கிடுச்சுன்னு அதையே திரும்பத் திரும்ப சொல்றான். தூக்கத்த கொன்னுட்டேன்னு குரல் கேட்டுச்சாம். திரும்பி போய் கத்திய வச்சுட்டு வாடான்னா மாட்டேங்கறான், பண்ணினத நெனைக்கவே பயமா இருக்குதாம். யுத்தத்துல ஆள பொளந்தவன் இப்ப ஒரு கெழவர் பொணத்த பாக்க முடியாம நிக்கறான். பதில்ல நீங்க நிக்க வேண்டிய எடம் இதுதான், இரக்கம் அவன் ஆசைய நிறுத்தல, ஆசை வாங்கிக்குடுத்தத அனுபவிக்க விடல.

இதுக்கப்பறம் நடக்கறத வேகமா எழுதிட்டு போகலாம், ஆனா ஒரு அளவுகோல் வச்சு எழுதுங்க, ஒவ்வொரு கொலைக்கும் முன்னாடி எவ்ளோ யோசிக்கறான்ங்கறது. டங்கனுக்கு ஒரு தனிமொழி, ஒரு சண்டை, காத்துல ஒரு கத்தி எல்லாம் வேண்டியிருந்துச்சு. கூட சண்டை போட்ட நண்பன் பேங்கோவ கொல்றதுக்கு முன்னாடியும் மேக்பெத்துக்கு ஒரு தனிமொழி இருக்கு, அதுல நண்பன்ங்கற இரக்கம் துளி இல்ல, பேங்கோ வம்சம்தான் ராஜா ஆகும்னு சூனியக்காரிங்க சொன்னதால, இவன் வாரிசுக்காக நான் ஆத்மாவ வித்தேனான்னு வயித்தெரிச்சல்தான், அதுவும் ஆள வச்சு பண்றான், தன் கை படல. அவன எதிர்க்கற மேக்டஃப் பிரபுவோட பொண்டாட்டி புள்ளைங்கள கொல்றதுக்கு யோசனையே கெடையாது, நாலாவது ஆக்ட்ல இனிமே மனசுல மொதல்ல தோணறதே கைல மொதல்ல நடக்கணும்னு சொல்லிட்டு ஆள அனுப்பிடறான். நடுவுல மூணாவது ஆக்ட்ல, ரத்தத்துல இவ்ளோ தூரம் நடந்துட்டேன், திரும்பி போறதும் அக்கரைக்கு போறதும் ஒரே கஷ்டம்தான்னு ஒரு வரி வருது, அத மனப்பாடம் பண்ணிக்குங்க. இரக்கம் படிப்படியா கொறையுதுன்னு சும்மா எழுதறத விட, யோசிக்கற நேரம் எப்படி கொறையுதுன்னு காட்டினா திருத்தறவங்களுக்கு நீங்க நாடகத்த படிச்சிருக்கீங்கன்னு தெரியும்.

பொண்டாட்டி மேல மட்டும் அந்த மெதுப்பு கொஞ்ச நாள் ஒட்டிகிட்டு இருக்கு, பேங்கோ விஷயம் உனக்கு தெரிய வேணாம் கண்ணுங்கற மாதிரி ஒரு எடம் மூணாவது ஆக்ட் ரெண்டாவது சீன்ல வரும். அவ செத்த சேதி வரும்போது அதுவும் காலி, சாவறதுக்கு இன்னொரு நாள் பாத்திருக்கலாம்ங்கற மாதிரி ஒரு வரி சொல்லிட்டு நாளைக்கு நாளைக்குன்னு வாழ்க்கைய பத்தி பேச ஆரம்பிச்சுடறான். கடைசி சண்டைல மேக்டஃப் எதிர்ல வந்ததும், போயிடு, உன் வீட்டு ரத்தம் ஏற்கனவே என் மேல ஜாஸ்தின்னு சொல்றான் பாருங்க, அது மிச்சம் இருந்த இரக்கமா, இல்ல மேக்டஃப்கிட்ட ஜாக்கிரதைன்னு சூனியக்காரிங்க சொன்ன பயமா? ரெண்டு பக்கமும் வாதாடலாம். நான் இரக்கம்னு சொல்லுவேன், எங்க ட்யூஷன்ல முக்காவாசி பேர் ஒத்துக்கமாட்டாங்க.

கம்பேரிசன் கேட்டா பசங்க ஹேம்லெட்டுக்கு ஓடறாங்க. எதுக்கு, நம்ம பக்கம் திரௌபதி அம்மன் கோயில் பாரதத்துல விடிய விடிய கூத்து பாத்து வளந்தவங்களுக்கு கர்ணன் இருக்கான்ல. அங்க நல்ல மனசு நெசமாவே தடை. பிராமண வேஷத்துல வந்து கேட்டவன் இந்திரன்னு தெரிஞ்சும் கவச குண்டலத்த அறுத்து குடுக்கறான், குந்தி வந்து கேட்டதுக்காக அர்ஜுனன தவிர மத்த நாலு பேர கொல்லமாட்டேன்னு வாக்கு குடுத்து, களத்துல கைக்கு கெடைச்சும் விட்டுடறான், நம்ம தமிழ் பாரத வழக்குல நாகாஸ்திரத்த ரெண்டாந்தடவை விடமாட்டேன்னும் சத்தியம் இருக்கு. ஒவ்வொரு குடுத்தலும் அவன் ஜெயிக்கற வழிய ஒவ்வொண்ணா அடைக்குது. கர்ண மோட்சம் கூத்துல பொம்பளைங்க முந்தானைய வாயில வச்சுகிட்டு அழறது அதுக்குத்தான். இத மேக்பெத் பக்கத்துல வச்சா வித்தியாசம் பளிச்னு தெரியும், கர்ணனோட இரக்கம் அவன் கையையே கட்டிப்போட்டுச்சு, மேக்பெத்தோட இரக்கத்துக்கு அவ்ளோ பலம் இல்ல, தூக்கத்த மட்டும்தான் கெடுக்க முடிஞ்சது. வெளிநாட்டு எக்ஸாமினரா இருந்தாலும் ஒரு பாராவுக்கு சந்தோஷப்படுவார், ஒரு பக்கத்துக்கு கோவப்படுவார், அளவு பாத்துக்குங்க.

எம்.ஏ. பசங்களுக்கு இன்னொண்ணு. ஷேக்ஸ்பியர் இந்த கதைய எடுத்தது ஹோலின்ஷெட் எழுதின சரித்திரத்துல இருந்து. அதுல டங்கன் ரொம்ப மெதுவான ராஜா, அவர் மெதுவா இருந்ததாலதான் நாட்டுல கலகம் தலை தூக்குது, மேக்பெத்துக்கு இயல்புலயே கொஞ்சம் கொடூரம் இருக்கு, இவங்க ரெண்டு பேர் குணத்தையும் கலந்து ஆளுக்கு பாதி குடுத்திருந்தா நல்லா இருந்திருக்கும்னு ஜனங்க நெனைச்சதா வருது. அரியணை ஏறினப்பறம் மொதல்ல ஒரு பத்து வருஷம் மேக்பெத் நல்லாவும் ஆட்சி பண்றான் அந்த புஸ்தகத்துல. நெஜ சரித்திரத்துல மேக்பெத் 1040ல இருந்து 1057 வரைக்கும் ராஜாவா இருந்தவன், டங்கன் செத்ததும் வீட்டு படுக்கைல இல்ல, சண்டைல. 1606 வாக்குல ஷேக்ஸ்பியர் எழுதும்போது அந்த பத்து வருஷ நல்லாட்சிய தூக்கிட்டார், டங்கன சாதுவான பெரியவரா, விருந்தாளியா ஆக்கிட்டார், இயல்புலயே கொடூரன்னு இருந்தவன் வாயில பொறந்த கொழந்தை மாதிரி இரக்கம்னு வரிய வச்சார். அதாவது இந்த கேள்வியே அவர் வேணும்னு உண்டாக்கினது, மூலக்கதைல இருந்த மேக்பெத்த வச்சா இப்படி கேக்கவே முடியாது.

இதே பாயிண்ட்ட டங்கன் பக்கம் திருப்பியும் எழுதலாம். மூஞ்சிய பாத்து மனச கண்டுபுடிக்க வித்தை எதுவும் இல்லைன்னு பழைய காடர் பிரபுவ நம்பி ஏமாந்தத சொல்லிட்டு வாய மூடறதுக்குள்ள மேக்பெத் உள்ள வர்றான், அவன கொண்டாடறார். இரக்கம் ஆசைக்கு தடையோ இல்லையோ, உசுருக்கு ஆபத்துங்கறது டங்கன் கேஸ்ல நிச்சயம். ரொம்ப போகாதீங்க, ரெண்டு வரி போதும்.

இப்ப ஹால்ல உக்காந்து எழுதறது. கேள்வில "ஹிண்டர்" இருக்கா, "மேக் ஹிம் எ ட்ராஜிக் ஹீரோ" இருக்கான்னு மொதல்ல படிங்க, பசங்க படிக்கறதில்ல, தெரிஞ்சத கொட்டிடறாங்க. கதைச்சுருக்கம் ஒரு வரி கூட வேணாம், திருத்தறவருக்கு கதை தெரியும். மொத பாராவுலயே உங்க பக்கத்த சொல்லிடுங்க, தடுக்கல ஆனா அனுபவிக்க விடலன்னு. அப்பறம் பொண்டாட்டி சாட்சி, கேப்டன் சாட்சி, தனிமொழி, அப்பா மாதிரி இருந்தார்ங்கற வரி, ஆமென், யோசிக்கற நேரம் கொறையறது. கோட்டேஷன் நீளமா வேணாம், நாலஞ்சு வார்த்தை சரியா எழுதினா ஒரு வரிய தப்பா எழுதறத விட மேல். ஆக்ட், சீன் நம்பர் போடுங்க. இங்கிலீஷ் தடுமாறுதுன்னு பயப்படற கிராமத்து புள்ளைங்களுக்கு தனியா சொல்றேன், சின்னச்சின்ன வாக்கியமா எழுதுங்க பாப்பா, நோட்ஸ்ல இருக்கற பெரிய வார்த்தை எதுவும் வேணாம், "ஹி இஸ் அஃப்ரெய்ட், நாட் மெர்சிஃபுல்"னு ஒரு வரி எழுதி கீழ ஆதாரத்த காட்டினா அது முழுப்பக்க அலங்காரத்த விட நிக்கும்.

கேள்விய தலைகீழா கேட்டா பதறாதீங்க. கடைசில டங்கனோட மகன் மால்கம் ராஜா ஆகும்போது இவங்க ரெண்டு பேரையும் செத்துப்போன கசாப்புக்காரன், அவனோட பேய் மாதிரி ராணின்னு சொல்லுவான், இது சரியான்னு கேப்பாங்க. இதே பதில்தான், வரிசைய மட்டும் மாத்துங்க. மால்கம் செத்துப்போன அப்பனுக்கு மகன், அவன் சாட்சிக்கும் ஒரு காரணம் இருக்கு, அவன் ஆமென் சிக்கினதையும் பாக்கல, அவ தூக்கத்துல நடந்து கை கழுவினதையும் பாக்கல. மொத பாராவுல மால்கம், ரெண்டாவதுல பொண்டாட்டி லெட்டர் சீன், மீதி அப்படியே.